சமையலறையில் உயிர் மூலக்கூறுகள்: படிப்படியான வழிகாட்டி

உயர்நிலை மூன்றில் உயிரியல் எடுக்கும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் சிலருக்குச் சனிக்கிழமைகளில் சிங்கப்பூரில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுச் சமையலறையில் பாடம் சொல்லித் தருகிறேன். உயிர் மூலக்கூறுகள் பாடத்தில் வருடா வருடம் ஒரே இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். மாவுச்சத்து ஆற்றல், கொழுப்பு சேமிப்பு, புரதம் வளர்ச்சி, டிஎன்ஏ மரபு என்று நான்கு கட்டம் போட்டு மனப்பாடம் செய்துவிட்டு வருவார்கள். "சோறும் பஞ்சும் ஒரே குளுக்கோஸால் ஆனவை. சோற்றைச் சாப்பிடுகிறோம், பஞ்சை ஏன் முடியவில்லை?" என்று கேட்டால் கட்டத்தில் பதில் இருக்காது.

கோத்த விதமும் அதனால் வரும் வடிவமும்தான் ஒரு மூலக்கூறின் வேலையை முடிவு செய்கின்றன. அதைக் கையால் செய்து, கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ளும் வரிசை இது. வரிசையை மாற்றாதீர்கள். ஒவ்வொரு படியும் முந்தையதன் மேல்தான் நிற்கிறது.

1. முதலில் எடுத்து வைக்க வேண்டியவை

மருந்துக்கடையில் போவிடோன் அயோடினும் 70 விழுக்காட்டு ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் வாங்கிக்கொள்ளுங்கள். மற்றவை பெரும்பாலும் வீட்டில் இருக்கும்: சோளமாவு, சோறு, பஞ்சு, தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கொழுப்பு நீக்கிய பால், வினிகர், முட்டை, அகார் அகார், ஜெலட்டின், அன்னாசி, நன்கு பழுத்த வாழைப்பழம், பாத்திரம் கழுவும் திரவம், உப்பு. ஒரு கைப்பிடி பாசிமணியும் நூலும் வேண்டும்.

அயோடின் மாவுச்சத்தில் பட்டால் கருநீலமாகும். ஆனால் அதை அப்படியே ஊற்றாதீர்கள். ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து, லேசான தே-ஓ (பால் சேர்க்காத தேநீர்) நிறத்துக்குக் கொண்டு வாருங்கள். கலக்காத அயோடின் கரும்பழுப்பாக இருப்பதால் எதில் விட்டாலும் கறுப்பாகவே தெரியும். பிள்ளைகள் வெள்ளரிக்காயிலும் மாவுச்சத்து நிறைய இருப்பதாக எழுதிவிடுவார்கள்.

ஒவ்வொரு சோதனையிலும் எதுவும் சேர்க்காத ஒரு கிண்ணத்தைப் பக்கத்தில் வையுங்கள். இதற்கு ஒப்பீட்டுக் கிண்ணம் என்று பெயர். அது இல்லாவிட்டால் மாற்றம் எதனால் வந்தது என்று சொல்ல முடியாது. நம் ஊர் வெப்பத்தில் இது எவ்வளவு முக்கியம் என்பது ஏழாவது படியில் தெரியும்.

பாதுகாப்புக்கு இரண்டு விதிகள் போதும். சோதித்த எதையும் வாயில் வைக்கக்கூடாது. ஆல்கஹால் புட்டி திறந்திருக்கும்போது அடுப்பு எரியக்கூடாது. பெரியவர் ஒருவர் கூடவே இருக்கட்டும்.

2. பாசிமணி கோத்துத் தண்ணீரை எண்ணுங்கள்

இதைத் தாண்டிவிட்டு நேராக அயோடினுக்குப் போகத்தான் எல்லாருக்கும் ஆசை. தாண்டாதீர்கள். பாடத்தின் பாதி இங்கே இருக்கிறது.

ஒரு குளுக்கோஸின் மூலக்கூறு எடை 180. இரண்டு சேர்ந்தால் 360 வர வேண்டும். ஆனால் இரண்டு குளுக்கோஸ் இணைந்த மால்டோஸின் எடை 342. குறையும் 18 எங்கே போனது என்று பிள்ளையிடமே கேளுங்கள். தண்ணீரின் எடை 18. இரண்டும் கைகோக்கும்போது ஒரு தண்ணீர் மூலக்கூறு வெளியே போகிறது. அதே தண்ணீரைத் திரும்பக் கொடுத்தால் பிணைப்பு பிரிகிறது. கோப்பது நீர்நீக்க வினை, பிரிப்பது நீராற்பகுப்பு. செரிமானம் முழுக்க இரண்டாவது வேலைதான்.

இப்போது பத்து மணிகளைக் கோத்து, எத்தனை தண்ணீர் வெளியே போயிருக்கும் என்று கேளுங்கள். பத்து என்று பதில் வரும். மணிகளை எண்ணியிருக்கிறார்கள். இடைவெளிகளை எண்ணச் சொல்லுங்கள், ஒன்பது வரும்.

அடுத்து இன்சுலின் என்ற புரதம். புரதத்தின் மணிகள் அமினோ அமிலங்கள், அவற்றைக் கோப்பது பெப்டைடு பிணைப்பு. இன்சுலினில் 51 அமினோ அமிலங்கள். எத்தனை பெப்டைடு பிணைப்பு? 50 என்று உடனே சொல்வார்கள். இன்சுலினில் 21 மணிச் சரம் ஒன்று, 30 மணிச் சரம் ஒன்று என இரண்டு சங்கிலிகள் இருக்கின்றன. ஆகவே 20 கூட்டல் 29, மொத்தம் 49. இரண்டு சரங்களையும் சேர்த்துப் பிடிப்பது கந்தகப் பிணைப்பு, அது வேறு வகை. சங்கிலி எத்தனை என்று முதலில் கேட்கும் பழக்கம் இந்தக் கணக்கில் வந்துவிடும்.

3. மாவுச்சத்து: சோறு, புளூட், பஞ்சு

ஆறிய சோறு, ஆறிய வெள்ளைப் புளூட் அரிசி (ஒட்டும் அரிசி) சோறு, பஞ்சு, அச்சுத்தாள் துண்டு ஆகிய நான்கையும் வெள்ளைத் தட்டில் வைத்து, ஒவ்வொன்றிலும் இரண்டு சொட்டு அயோடின் விடுங்கள்.

சோறு கருநீலமாகும். மாவுச்சத்தில் அமைலோஸ் என்ற நீண்ட சங்கிலி ஒன்று உண்டு. அது சுருள்வில் மாதிரி சுருண்டிருக்கும். அந்தச் சுருளுக்குள் அயோடின் போய் உட்கார்ந்தால்தான் நீலம் வரும். புளூட் அரிசியில் அமைலோஸ் ஏறக்குறைய இல்லை. கிளை கிளையாகப் பிரியும் அமைலோபெக்டின்தான் இருக்கிறது. நீண்ட சுருள் இல்லாததால் நிறம் செம்பழுப்பாக நின்றுவிடும். இரண்டுமே அரிசி, இரண்டிலும் குளுக்கோஸ்தான். வடிவம் நிறத்தையே மாற்றுவதை இங்கே முதல்முறை நேரில் பார்ப்பார்கள். இந்த இடத்தில் அவசரப்பட வேண்டாம், அவர்களே காரணம் சொல்லும்வரை காத்திருங்கள்.

பஞ்சு செல்லுலோஸ். அதிலும் குளுக்கோஸ்தான், ஆனால் ஒன்று விட்டு ஒன்று தலைகீழாகத் திருப்பிக் கோத்திருக்கிறது. அதனால் சங்கிலி சுருளாமல் நேராக நீண்டு, பக்கத்துச் சங்கிலியோடு ஒட்டி, கயிறு போல் உறுதியாகிறது. செடி நிமிர்ந்து நிற்பது அதனால். நம் உடலில் அந்தப் பிணைப்பை வெட்டும் நொதி (என்சைம்) இல்லாததால் கீரையின் நார் செரிக்காமல் வெளியேறுகிறது. அயோடினும் பஞ்சில் தன் பழுப்பு நிறத்திலேயே இருக்கும்.

அச்சுத்தாள் பெரும்பாலும் கறுத்துவிடும். தாளும் செல்லுலோஸ்தானே என்று குழம்புவார்கள். மை ஊறிப் பரவாமல் இருக்கத் தாள் செய்யும்போது மாவுச்சத்து சேர்ப்பதுண்டு. அதனால்தான் தாளின் மேல் வைத்து உணவைச் சோதிக்கக்கூடாது, பீங்கான் தட்டு வேண்டும்.

அடிக்கடி நடக்கும் தவறு இரண்டு. சோறு சூடாக இருக்கும்போது அயோடின் விட்டால் நீலம் வராது, வந்தாலும் மங்கும். சூட்டில் சுருள் தளர்ந்து அயோடினை விட்டுவிடுகிறது. எலுமிச்சை பிழிந்த உணவிலும் நிறம் வராது, ஏனென்றால் வைட்டமின் சி அயோடினோடு வினைபுரிந்து அதை நிறமற்றதாக்குகிறது. எலுமிச்சைச் சோற்றில் மாவுச்சத்து இல்லை என்று ஒரு மாணவி எழுதிவிட்டாள். அவள் பார்த்தது சரிதான், காரணம்தான் வேறு.

4. எச்சில் என்ன செய்கிறது

கால் தேக்கரண்டி சோளமாவை 100 மில்லி தண்ணீரில் கலக்கிக் கொதிக்க வையுங்கள். ஆறட்டும். விரல் வைத்தால் சூடு தெரியாத நிலைக்கு வந்தபின் இரண்டு கிண்ணங்களில் இரண்டிரண்டு மேசைக்கரண்டி ஊற்றுங்கள். ஒன்றில் ஒரு தேக்கரண்டி எச்சில், மற்றதில் ஒரு தேக்கரண்டி தண்ணீர். எச்சில் கொடுப்பவர் முன்பே வாய் கொப்பளித்திருக்க வேண்டும், அவர் கிண்ணத்தை அவரே கையாள வேண்டும்.

வெள்ளைத் தட்டில் வரிசையாக அயோடின் சொட்டுகளை வையுங்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு கிண்ணத்திலிருந்தும் ஒரு சொட்டு எடுத்து அயோடின்மேல் விடுங்கள். தண்ணீர்க் கிண்ணம் நீலமாகவே இருக்கும். எச்சில் கிண்ணத்துச் சொட்டு நீலம், ஊதா, பழுப்பு என்று போய் நீலம் மறையும். எச்சிலில் உள்ள அமைலேஸ் நொதி சுருளை வெட்டி மால்டோஸ் ஆக்குகிறது. அயோடினை மொத்தமாகக் கிண்ணத்தில் கொட்டினால் கடைசி நிலை மட்டுமே தெரியும். சொட்டுச் சொட்டாகச் செய்தால் வேகமும் தெரியும்.

கஞ்சி ஆறுமுன் எச்சிலைச் சேர்ப்பதுதான் இங்கே நடக்கும் தவறு. பத்து நிமிடம் கழித்தும் நீலமாகவே இருந்தால் காரணம் அதுவாகத்தான் இருக்கும். ஏன் என்பதை இப்போது சொல்ல வேண்டாம். ஆறாவது படியில் முட்டையே சொல்லிவிடும்.

5. கொழுப்பு: இது சங்கிலி அல்ல

மாவுச்சத்தைப் போலவே கொழுப்பும் நீளமான சரம் என்று எடுத்துக்கொள்வதுதான் பொதுவான பிழை. கொழுப்பில் ஒரு கிளிசரால், அதில் மூன்று கொழுப்பு அமில வால்கள். மூன்று பிணைப்பு, மூன்று தண்ணீர், அதோடு முடிந்தது. பாசிமணிக்குப் பதில் மூன்று நூலைக் கட்டிய குச்சியைக் காட்டுங்கள்.

தேங்காய் எண்ணெயையும் சூரியகாந்தி எண்ணெயையும் சின்னக் கண்ணாடிக் குவளைகளில் ஊற்றிக் குளிர்பதனப் பெட்டியில் ஒரு மணி நேரம் வையுங்கள். தேங்காய் எண்ணெய் வெள்ளையாக உறைந்திருக்கும், மற்றது ஓடும். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரி செல்சியஸில் உருகுவது. சிங்கப்பூரில் அலமாரியில் எப்போதும் திரவமாகவே இருப்பதால் பிள்ளைகள் அதை நிறைவுறாக் கொழுப்பு (வாலில் இரட்டைப் பிணைப்பு உள்ளது) என்று நினைக்கிறார்கள். உண்மையில் அதன் கொழுப்பு அமிலங்களில் சுமார் 90 விழுக்காடு நிறைவுற்றவை. வால்கள் நேராக இருப்பதால் விறகை அடுக்குவது போல் நெருக்கமாக அடுக்கிக்கொள்கின்றன. சூரியகாந்தி எண்ணெயின் வால்கள் வளைந்தவை, நெருங்க முடிவதில்லை. இங்கேயும் வடிவம்தான்.

கொழுப்பின் சேமிப்பு வேலைக்குப் பக்கத்துக் கடை பிஸ்கட் பொட்டலம் போதும். அட்டையில் உள்ள கொழுப்பின் கிராமை 9 ஆலும், புரதத்தையும் கார்போஹைட்ரேட்டையும் (மாவுச்சத்தும் சர்க்கரையும் சேர்ந்தது) 4 ஆலும் பெருக்கிக் கூட்டினால், அச்சிட்டிருக்கும் கிலோகலோரிக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். ஒரே எடையில் இரண்டு மடங்குக்கு மேல் ஆற்றல். நடமாட வேண்டிய விலங்குகள் கொழுப்பாகச் சேமிப்பதன் காரணம் அந்தக் கணக்கில் இருக்கிறது.

மூன்று வாலில் ஒன்றை எடுத்துவிட்டு அங்கே பாஸ்பேட் கொண்ட ஒரு தலையை வைத்தால் பாஸ்போலிப்பிடு. தலை தண்ணீரை நாடும், வால்கள் விலகும். தண்ணீரில் விட்டால் தலைகள் வெளியே, வால்கள் உள்ளே என இரண்டு அடுக்குச் சவ்வாகத் தானே அமையும். நம் ஒவ்வொரு உயிரணுவுக்கும் வேலி அதுதான். எண்ணெய் பிசுக்கைக் கரைக்கும் பாத்திரம் கழுவும் திரவம் இந்த வேலியையும் கரைக்கும். எட்டாவது படிக்கு இதை நினைவில் வையுங்கள்.

6. புரதம்: மடிப்புதான் வேலை

20 வகை அமினோ அமிலங்கள், எந்த வரிசையிலும் கோக்கலாம். மாவுச்சத்தில் ஒரே மணிதான் திரும்பத் திரும்ப வரும். இங்கே வரிசை மாறினால் மடிப்பு மாறும், மடிப்பு மாறினால் வேலை மாறும். இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள். அதில் ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதிலாக வாலின் வந்துவிட்டால் அரிவாள் அணு நோய். ஒரே ஒரு மணி.

முட்டை வெள்ளைக்கருவைச் சட்டியில் ஊற்றுங்கள். தெளிவாக இருந்தது வெள்ளையாகக் கெட்டிப்படும். சூட்டில் மடிப்புகள் அவிழ்ந்து, அவிழ்ந்த சங்கிலிகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன. ஆறினாலும் பழையபடி ஆகாது. சூட்டில் பெப்டைடு பிணைப்பு அறுந்துவிட்டது என்று எழுதினால் மதிப்பெண் போய்விடும். மணிச்சரம் அறுபடவில்லை, மடிப்பு மட்டும் போயிருக்கிறது. சரத்தை அறுப்பது செரிமானத்தின் வேலை.

நான்காவது படியில் சூடான கஞ்சி எச்சிலைக் கெடுத்ததும் இதனால்தான். அமைலேஸும் ஒரு புரதம். இதைப் பிள்ளைகளே கண்டுபிடித்துச் சொல்லும் நொடிக்காகத்தான் வரிசையை இப்படி வைத்திருக்கிறேன்.

அப்புறம் பால். கொழுப்பு நீக்கிய பால் 100 மில்லியை வெதுவெதுப்பாக்கி ஒரு மேசைக்கரண்டி வினிகர் விடுங்கள். திரிந்து கட்டியாகும். முழுப் பாலில் செய்தால் திரண்டது கொழுப்பு என்று நினைத்துவிடுவார்கள். கொழுப்பே இல்லாத பாலும் திரிவதைப் பார்த்தால் அது கேசின் என்ற புரதம் என்று பிடிபடும். சூடு மட்டுமல்ல, புளிப்பும் புரதத்தின் நிலையைக் குலைக்கும்.

7. அன்னாசியும் அகார் அகாரும்

எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. ஜெலட்டின், விலங்குகளின் கொலாஜனிலிருந்து எடுக்கும் புரதம். அகார் அகார், கடல்பாசியிலிருந்து எடுக்கும் பல்சர்க்கரை. கரண்டியால் தொட்டால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்.

பொட்டலத்தில் சொன்ன அளவில் மூன்று கிண்ணம் ஜெலட்டினும் ஒரு கிண்ணம் அகார் அகாரும் செய்து குளிர்பதனப் பெட்டியில் உறைய வையுங்கள். உறைந்தபின் முதல் ஜெலட்டினை அப்படியே விடுங்கள். இரண்டாவதன்மேல் புதிய அன்னாசித் துண்டுகள். மூன்றாவதன்மேல் ஐந்து நிமிடம் கொதிக்க வைத்து ஆறிய துண்டுகள். அகார் அகாரின்மேல் புதிய துண்டுகள். நான்கையும் திரும்பப் பெட்டிக்குள் வைத்து மறுநாள் காலை பாருங்கள்.

புதிய அன்னாசி வைத்த ஜெலட்டின் மட்டும் தண்ணீராகியிருக்கும். அன்னாசியில் உள்ள புரோமலைன் புரதத்தை வெட்டும் நொதி. கொதித்ததில் அதன் மடிப்பு போய்விட்டது. அகார் அகார் புரதம் இல்லாததால் அதற்கு அங்கே வேலையில்லை. ஒரு நொதி ஒரு வகைப் பிணைப்பையே வெட்டும் என்பதும், சூட்டில் நொதி செயலிழக்கும் என்பதும் ஒரே இரவில் தெரிந்துவிடும். தகரத்தில் அடைத்த அன்னாசியும் கொதித்ததைப் போலத்தான் நடந்துகொள்ளும்.

பழத்தைச் சூடான கலவையில் கலக்காதீர்கள், நொதி அப்போதே கெட்டுவிடும். கிண்ணங்களை மேசைமேல் விடவும் கூடாது. அகார் அகார் நம் ஊர் வெப்பத்திலும் உறைந்தே இருக்கும், ஜெலட்டின் தானாகவே தளர்ந்துவிடும். ஒருமுறை நானே மேசையில் மறந்துவிட்டு, அன்னாசி செய்ததா வெயில் செய்ததா என்று சொல்ல முடியாமல் நின்றேன். பழம் வைக்காத முதல் கிண்ணம் அதற்குத்தான்.

ஜெலட்டின் பயன்படுத்தாத வீடுகளில் புதிய அன்னாசிச் சாற்றையும் கொதித்து ஆறிய சாற்றையும் இரண்டு குவளைப் பாலில் தனித்தனியே விட்டு ஒப்பிடலாம். ஆனால் சாற்றின் புளிப்பும் பாலைத் திரிக்கும் என்பதால் விடை இவ்வளவு தெளிவாக வராது.

8. வாழைப்பழத்திலிருந்து டிஎன்ஏ

முதலில் ஒரு கணக்கு. டிஎன்ஏவில் எழுத்து நான்கு: ஏ, டி, ஜி, சி. அமினோ அமிலம் 20. இரண்டிரண்டு எழுத்தாகப் படித்தால் 16 சொல்தான் கிடைக்கும், போதாது. மூன்று மூன்றாகப் படித்தால் 64. அதனால் ஒரு அமினோ அமிலத்துக்கு மூன்றெழுத்து. இன்சுலினின் 51 மணிகளுக்குக் குறைந்தது 153 எழுத்து வேண்டும். புரதத்தில் வரிசை ஏன் முக்கியம் என்று தெரியாதவருக்கு டிஎன்ஏ வெறும் ஏணிப் படம்தான். கடைசியில் வைத்ததற்குக் காரணம் அது.

ஆல்கஹால் புட்டியை நன்றாக மூடிப் பனிக்கட்டித் தண்ணீரில் வையுங்கள். அரை வாழைப்பழத்தை 100 மில்லி தண்ணீருடன் பையில் போட்டுக் கட்டியில்லாமல் பிசையுங்கள். இரண்டு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவமும் அரைத் தேக்கரண்டி உப்பும் சேர்த்து, நுரை வராமல் மெதுவாகக் கலந்து, பத்து நிமிடம் விடுங்கள். கோப்பி வடிகட்டும் துணியில் வடியுங்கள். பிழியாதீர்கள், சக்கை இறங்கிவிடும்.

வடித்ததில் இரண்டு மேசைக்கரண்டியை ஒடுக்கமான கண்ணாடிக் குவளையில் எடுங்கள். குவளையைச் சாய்த்து, நான்கு மேசைக்கரண்டி குளிர்ந்த ஆல்கஹாலைப் பக்கவாட்டில் வழியவிடுங்கள். இரண்டும் சேரும் இடத்தில் வெண்ணூல்கள் எழும். பல்குத்தும் குச்சியால் சுற்றி எடுக்கலாம்.

திரவம் உயிரணுச் சவ்வைக் கரைக்கிறது. டிஎன்ஏவின் இழைகள் எதிர்மின் கொண்டவை, ஒன்றையொன்று தள்ளும். உப்பு அந்த மின்னை மட்டுப்படுத்தி அவற்றைச் சேரவிடுகிறது. ஆல்கஹாலில் டிஎன்ஏ கரையாது, அதனால் பிரிந்து வருகிறது. ஆல்கஹாலை ஊற்றியதும் கலக்கிவிடுவதால்தான் பெரும்பாலும் ஒன்றும் கிடைப்பதில்லை. என் முதல் இரண்டு முயற்சியும் அப்படித்தான் வீணாயின.

வருவது முழுக்க டிஎன்ஏ என்று சொல்லாதீர்கள். பழத்தின் பெக்டினும் கொஞ்சம் புரதமும் கூடவே வரும். பிள்ளைகளிடம் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட வேண்டும். "ஆன்ட்டி, வாழைப்பழ டிஎன்ஏவைத் தினமும் சாப்பிடுகிறோமே, ஒன்றும் ஆகாதா?" என்று யாராவது கேட்பார்கள். குடலில் அதற்கும் நொதிகள் உண்டு. சங்கிலி துண்டாகிவிடும், எழுத்துகளின் வரிசை மிஞ்சாது.

9. பள்ளி ஆய்வகத்துக்கு விட வேண்டியவை

சர்க்கரையைக் கண்டறியும் பெனடிக்ட் சோதனைக்கும் புரதத்தைக் கண்டறியும் பையூரெட் சோதனைக்கும் தாமிர சல்பேட்டும் காரமும் தேவை. வீட்டில் வேண்டாம். ஆனால் தவறுகளை முன்பே தெரிந்துகொள்ளலாம்.

பெனடிக்டைச் சுடுநீரில் வைத்துச் சூடாக்க வேண்டும். நீலம், பச்சை, மஞ்சள், செங்கல் சிவப்பு என்று அளவுக்கேற்பப் போகும். நாம் தேநீரில் போடும் சர்க்கரை சுக்ரோஸ், அதில் நிறம் மாறாது. நிறம் வரவில்லை என்பதால் சர்க்கரையே இல்லை என்று எழுதக்கூடாது. ஒடுக்கும் சர்க்கரை (குளுக்கோஸ், மால்டோஸ் போன்றவை) இல்லை என்றுதான் எழுத வேண்டும்.

பையூரெட்டைச் சூடாக்கக்கூடாது. நீலம் ஊதாவானால் புரதம். அது பெப்டைடு பிணைப்புகளைக் காட்டுவதால் தனி அமினோ அமிலங்களில் ஊதா வராது. கொழுப்புக்கு எத்தனாலில் குலுக்கித் தண்ணீரில் ஊற்றினால் பால் போல் வெளுக்கும். தண்ணீரை முதலில் ஊற்றிவிட்டால் கொழுப்பு கரையாது, சோதனை கெட்டுவிடும்.

10. ஒரு பொட்டலம் நாசி லெமாக்

எல்லாம் முடிந்ததும் உணவங்காடியிலிருந்து ஒரு நாசி லெமாக் வாங்கி வந்து மேசையில் வையுங்கள். சோறு, தேங்காய்ப் பால், நெத்திலி, வேர்க்கடலை, முட்டை, வெள்ளரிக்காய். ஒவ்வொன்றையும் சுட்டி, எதனால் ஆனது, எந்தப் பிணைப்பு, எந்த நொதி வெட்டும், கடைசியில் என்னவாகும் என்று பிள்ளையைச் சொல்லச் சொல்லுங்கள். புத்தகம் மூடியிருக்கட்டும்.

தேங்காய்ப் பாலுக்கு வரும்போது பித்தநீரையும் நொதி என்று சொல்வார்கள். பித்தநீர் கொழுப்பைச் சின்னத் துளிகளாக உடைத்துத் தருகிறது. பிணைப்பை வெட்டுவது லிப்பேஸ். முட்டைக்கு வரும்போது புரதத்தை வெட்டும் நொதிகளான பெப்சினும் டிரிப்சினும் பதிலில் வர வேண்டும், பொரித்த முட்டையின் சங்கிலிகள் அறுபடவில்லை, அவிழ்ந்துதான் இருக்கின்றன என்பதும் வர வேண்டும். வெள்ளரிக்காய்க்கு வரும்போது தயங்கி நின்றால் பஞ்சையும் அயோடினையும் எடுத்துக்கொண்டு மூன்றாவது படிக்குத் திரும்புங்கள். சொல்லி முடித்தவர்கள் கை கழுவிவிட்டுச் சாப்பிடலாம்.